மாட்டுக்கும் வலிக்கும், குதிரைக்கும் வலிக்கும்

"மனிசருக்கே மருந்தில்லை, மாட்டுக்கென்ன ஊசி?"

வடமராட்சியில் இந்தக் கேள்வி எழாத சந்தி இல்லை. மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் திடலில் கால்நடை வைத்தியர் ஒருவர் நிற்கவேண்டும், நொண்டும் மாட்டை ஓடவிடக் கூடாது என்று நான் சில ஆண்டுகளாகவே சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தை மாதம் பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டிட்டு, கழுத்தில் மாலை கட்டி, கற்பூரம் காட்டி வணங்குபவர்கள் அவர்கள். மறுவாரம் அதே மாட்டின் பின்தொடையில் ஆணி செருகிய தடியால் குத்துபவர்களும் அவர்களில் சிலர்தாம்.

இந்தக் கேள்விக்கு இன்று விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன். அதற்கு முதலில் குதிரையைப் பற்றிப் பேசவேண்டும்.

குதிரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் நயினாதீவுக் கல்வெட்டை நினைவில் கொள்ளட்டும். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழிலே பொறித்த கட்டளை அது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலங்கள் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு என்று அது விதிக்கிறது. ஊர்காவற்றுறைக்குக் குதிரை வந்திறங்கிய காலம் அது. மாவிட்டபுரத்தின் பெயருக்கே குதிரைமுகம் நீங்கிய இளவரசியின் கதையைச் சொல்கிறோம். வேட்டைத் திருவிழாவன்று சுவாமி ஏறிவருவது குதிரை வாகனத்தில். ஒல்லாந்தர் குதிரை வளர்த்த லாயத்தின் இடிபாடுகள் நெடுந்தீவில் இன்றும் நிற்கின்றன. அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் அந்நியர் விட்டுச்சென்ற மந்தையின் வழிவந்தவை. மரத்தில் செய்த குதிரைக்கு வர்ணம் பூச ஆண்டுதோறும் உபயகாரர் கிடைக்கிறார்கள். உயிருள்ள குதிரைக்கு வறட்சிக் காலத்தில் ஒரு தொட்டி தண்ணீர் வைக்க ஆள் தேடவேண்டியிருக்கிறது.

சரி, குதிரை நொண்டினால் வைத்தியர் என்ன செய்கிறார்?

குதிரையால் வாய்திறந்து சொல்ல முடியாது. ஆகவே அதை நேர்கோட்டில் மென்னோட்டமாக ஓடவிட்டுத் தலையைக் கவனிப்பார்கள். முன்னங்காலில் நோவிருந்தால், அந்தக் கால் நிலத்தில் படும்போது தலை மேலெழும். நல்ல கால் படும்போது தலை தாழும். எந்தக் கால் என்பது இதனால் தெரிந்துவிடும். அந்தக் காலில் எந்த இடம் என்பதுதான் கடினம். குளம்பா, கணுவா, முழங்காலா? குதிரையின் உடற்பாரத்தில் ஏறத்தாழ 60 வீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. நொண்டலின் பெரும்பகுதி அங்கேதான், அதிலும் குளம்பை அண்டியே வருகிறது.

இங்கேதான் விறைப்பூசி வருகிறது. பல்லுப் பிடுங்கும்போது நமக்குப் போடும் ஊசிதான் அது. குளம்புக்குச் செல்லும் நரம்பின்மேல், காலின் இரு புறமும், ஒன்றரை இரண்டு மில்லிலீற்றர் மருந்தை மட்டும் செலுத்துவார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்திருந்து மீண்டும் ஓடவிடுவார்கள். நொண்டல் மறைந்தால் நோவு அந்த நரம்பு ஆளும் இடத்தில் இருக்கிறது. மறையாவிட்டால் ஊசி ஒரு படி மேலேறும். கீழிருந்து மேலாக, படிப்படியாக, வலியின் இருப்பிடத்தை இப்படித் தேடிப் பிடிக்கிறார்கள். லிக்னோகெயின் ஒரு மணித்தியாலமளவில் அடங்கிவிடும். மெபிவகெயின் இரண்டு மணித்தியாலமளவும் பியூபிவகெயின் அதற்கும் மேலாகப் பல மணித்தியாலமும் நிற்கும். மெபிவகெயின் தசையை அதிகம் உறுத்தாது என்பதால் குதிரை வைத்தியர் பலர் அதையே விரும்புகிறார்கள்.

இந்த மருந்துகளின் கதை நீண்டது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொலர் கண் சத்திரசிகிச்சைக்குக் கொக்கெயினைப் பயன்படுத்திக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் குதிரை வைத்தியர்களும் அதைக் கையிலெடுத்தார்கள். 1943இல் சுவீடனில் நில்ஸ் லொவ்கிறென் லிக்னோகெயினை உருவாக்கினார். அவரோடு பணியாற்றிய பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தம் உடலிலேயே ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். இன்று லிக்னோகெயினும் பியூபிவகெயினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மனிதருக்கும் விலங்குக்கும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்: நரம்பின் சுவரிலுள்ள சோடியம் வாயில்களை மருந்து அடைக்கிறது, செய்தி மூளைக்குப் போகாது. நரம்பு மாட்டுடையதா, மனிதனுடையதா, குதிரையுடையதா என்று மருந்து கேட்பதில்லை.

அதே ஊசியைக் கெட்டவன் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். நோவைக் கண்டுபிடிக்கப் போடும் ஊசியை நோவை மறைக்கவும் போடலாம். ஓட்டத்துக்குச் சற்று முன்னர் காலை விறைக்கவைத்தால் நொண்டிக் குதிரை நல்ல குதிரைபோல ஓடும். எலும்பில் மயிரிழைபோல விரிசல் இருந்தாலும் தெரியாமல் முழுப் பாரத்தையும் அந்தக் காலில் இறக்கும். பாதியோட்டத்தில் எலும்பு முறியும். எலும்பு முறிவு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் நோய் அறிவதற்காகக்கூட விறைப்பூசி போடக் கூடாது என்பது கால்நடை வைத்தியத்தின் பாலபாடம். குதிரைப் பந்தய உலகம் ஓட்ட நாளில் இம்மருந்துகளைத் தடைசெய்திருப்பதும், குதிரையின் இரத்தத்திலும் சிறுநீரிலும் தேடுவதும் இதனாற்றான். வலி ஒரு காவற்காரன். அவன் வாயைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் புகுபவன் கள்ளன்.

வலியைக் கூட்டியும் மோசடி செய்யலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹொங்கொங்கில் நடந்தன. தடை தாண்டும் போட்டியில் நான்கு குதிரைகளின் உடலில் கப்சைசின் இருந்ததாகச் சோதனையில் தெரியவந்து அவை விலக்கப்பட்டன. கப்சைசின் என்றால் வேறொன்றுமில்லை, நம் கறிச்சட்டியில் கிடக்கும் செத்தல் மிளகாயின் காரம். காலில் பூசினால் தோல் எரியும். எரியும் கால் தடையில் முட்டப் பயந்து உயர எழும்பும். கோடிக்கணக்கில் விலைபோகும் குதிரைக்கே இந்தக் கதி.

இப்போது சவாரித் திடலுக்கு வருவோம்.

நான் சவாரியின் எதிரி அல்லன். கரவெட்டி மண் தந்த சிரித்திரன் சுந்தர் தம் கேலிச்சித்திர நாயகனுக்குச் 'சவாரித் தம்பர்' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. வண்டிலும் எருதும் எங்கள் வாழ்வின் பகுதியாக இருந்தன. எரிபொருள் தடை இருந்த காலத்தில் வடபுலத்தின் சுமையைச் சுமந்தவை சைக்கிளும் மாட்டுவண்டியும்தான். ஒரு சோடி நல்ல எருதை வளர்த்தெடுக்க ஒருவன் செலவிடும் தவிடும் புண்ணாக்கும் உழைப்பும் எனக்குத் தெரியும். அந்த அன்பை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அன்பு, புழுதி கிளம்பும் இரண்டு நிமிடத்துக்குள் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. வாலைக் கடிப்பதும் முறுக்குவதும் ஆணித்தடியால் குத்துவதும் திடலுக்குத் திடல் நடந்துவருவதைக் கண்ணால் கண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குதிரைக்கு விறைப்பூசி போட்டு ஓட்டுபவன் வலியை மறைத்து ஓட்டுகிறான். நாங்கள் பழைய வலிக்கு மேலே புது வலியைப் போட்டு ஓட்டுகிறோம். குளம்பில் நோவுள்ள மாடு ஏன் ஓடுகிறது? பின்தொடையில் அதைவிடப் பெரிய நோவு வருவதால் ஓடுகிறது. விளைவு ஒன்றுதான். காயம்பட்ட கால் ஓய்வெடுக்கவேண்டிய வேளையில் முழுப் பாரத்தையும் ஏற்கிறது.

மாடுகளில் நொண்டலின் பெரும்பகுதி குளம்பிலிருந்தே வருகிறது. லாடம் அடிக்கும்போது ஓர் ஆணி சற்று உட்புறமாகச் சாய்ந்தால் போதும். உயிர்த்தசையில் குத்திச் சீழ் பிடிக்கும். குளம்பிடுக்கில் கல் செருகும்; பிளவு விழும்; அழுகும். இவற்றிற் பலவற்றைக் குளம்பு இடுக்கியால் அழுத்திப் பார்த்தே ஒரு வைத்தியர் கண்டுபிடித்துவிடுவார். திறந்து சீழ் வடிக்கவோ, அழுகிய விரலை அகற்றவோ நேர்ந்தால், காலில் இறுக்குப்பட்டி கட்டி, அதற்குக் கீழே நாளத்தில் லிக்னோகெயின் செலுத்திவிட்டு நோவின்றிச் செய்யலாம். கன்று ஈன முடியாத பசுவுக்கு வயிற்றைத் திறந்து கன்றெடுப்பதும் இதே மருந்தின் துணையோடுதான், பசு நின்றபடி நிற்கவே. இவை நமது அரச கால்நடை வைத்தியர்கள் கற்றுத் தேர்ந்த வேலைகள். அமெரிக்காவிலிருந்து ஆளை வரவழைக்கவேண்டியதில்லை. திடலுக்கு அழைத்து மதிப்போடு ஒரு கதிரை போட்டால் போதும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். "மனிசருக்கே மருந்தில்லை."

இந்த வார்த்தையை இலகுவாகச் சொல்லக் கூடிய ஊர்கள் உலகில் பல இருக்கலாம். பருத்தித்துறை அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடையை நாங்கள் வாழ்ந்து கழித்தோம். சீமெந்து, பெற்றோல், மின்கலம், சவர்க்காரம் என்று நீண்ட பட்டியல் அது. அச்சுத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அடித்த காலம். மருந்துகூடக் கொழும்பின் அனுமதியோடு, எண்ணிக் கணக்கிட்டே வந்தது. மயக்கமருந்தும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் காயம்பட்ட போராளிக்குப் போய்விடும் என்பது சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தின் விலையை வயிற்றில் பிள்ளையோடு வந்த தாயும் குண்டுச் சிதறல் ஏந்திய சிறுவனும் செலுத்தினார்கள். மந்திகை வைத்தியசாலை அந்த ஆண்டுகளைத் தாண்டியது வைத்தியர்களினதும் தாதியரினதும் பிடிவாதத்தால். 2006இல் ஏ-9 வீதி மூடப்பட்டுக் குடாநாடு மீண்டும் துண்டிக்கப்பட்டபோது எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் அங்கே வந்து சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றார்கள்.

2009இல் வன்னியில் நடந்தது அதனினும் கொடிது. மயக்கமருந்து தீர்ந்த கூடாரங்களில் கைகால்கள் அகற்றப்பட்டன. உள்ளேயிருந்த மக்களின் தொகையை அரசு வேண்டுமென்றே குறைத்துக் காட்டியதையும், உணவும் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருள்களும் அதனால் மறுக்கப்பட்டதையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. விறைப்பூசி மறுக்கப்படுவது என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் புத்தகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நினைவிலிருந்து இரண்டு பாடங்களில் ஒன்றைக் கற்கலாம். "எங்களுக்குத் தரவில்லை, ஆகவே நாங்களும் எவருக்கும் தரோம்" என்பது ஒன்று. "வலி குறைக்கும் வழி கையிலிருந்தும் கொடாமல் விடுவது கொடுமை, அதை எவர் எவருக்குச் செய்தாலும்" என்பது மற்றது. முதலாவது பாடத்தைக் கற்றவன் தடை விதித்தவனின் மாணவன். "இவனுடைய வலி கணக்கில் சேராது" என்று அன்று கொழும்பில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் சொன்னான். இன்று நாம் அதே வசனத்தை மாட்டைப் பார்த்துச் சொல்கிறோம்.

மருந்து உண்மையிலேயே அரிதாக இருந்த ஆண்டுகள் உண்டு. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு சிசுவுக்கும் ஒரு கன்றுக்கும் இடையே ஒரே ஒரு குப்பி மருந்து இருந்தால் நானும் சிசுவுக்கே கொடுப்பேன். ஆனால் சவாரித் திடலில் அந்தத் தெரிவு நம்முன் இல்லை. நொண்டும் மாட்டை ஓடவிடாமல் அவிழ்த்துக் கட்டுவதற்கு எந்த நோயாளியின் மருந்தையும் பறிக்கவேண்டியதில்லை. ஆணித்தடியை வீட்டில் விட்டுவருவதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. "மனிசருக்கே இல்லை" என்பவர்கள் அந்த மாலையே வெற்றிபெற்றவருக்கு மோட்டார் சைக்கிளும் தங்கக் காசும் பரிசாகக் கொடுக்கிறார்கள். பணம் இருக்கிறது, அது எங்கே போகவேண்டும் என்ற எண்ணந்தான் இல்லை.

அடுத்து எழும் குரல் பாரம்பரியம். 2017 தையில் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர் திரண்டபோது யாழ்ப்பாணத்திலும் ஆதரவுக் குரல் எழுந்தது. உலகத் தமிழர் எல்லோரும் பெருமைப்பட்டார்கள். அந்த வெற்றியோடு சேர்ந்து வந்த விதிகளை மட்டும் எவரும் பேசுவதில்லை. காளையைக் களத்தில் இறக்குமுன் கால்நடை வைத்தியர் சோதிக்கவேண்டும், எரிச்சலூட்டும் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று தமிழ்நாடு 2017இல் விதி செய்தது. 2023 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது, விலங்கின் நோவைக் குறைக்கும் இந்த ஏற்பாடுகள் தீர்ப்பில் எடைபோடப்பட்டன. அங்கே பாரம்பரியத்தைக் காப்பாற்றியது வைத்தியரின் கையெழுத்து. இங்கே வைத்தியரை உள்ளே விட்டால் பாரம்பரியம் அழியும் என்கிறோம். மெரினாவைக் கொண்டாடுபவர்கள் மெரினா பெற்றுத்தந்த விதியையும் கொண்டாடட்டும்.

சட்டம் எங்கே என்று கேட்பீர்கள். இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. பிரித்தானியர் அதில் எழுதிவைத்த உச்சத் தண்டம் 100 ரூபா. அந்தக் காசுக்கு இன்று ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அமைச்சரவை அதற்கு அனுமதி அளிக்க 2016 ஆயிற்று. பத்து ஆண்டுகள் அது இலாச்சியில் தூங்கியது. மாட்டைப் புனிதமாகக் கருதும் மக்கள் வாழும் நாடு இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நெடுந்தீவுக் குதிரைகளின் நிலை இன்னொரு விதமான அநாதைத்தனம். அவற்றின் வாழிடத்தை உள்ளடக்கி 2015இல் 1,800 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா கொழும்பிலுள்ள வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. கால்நடை வைத்தியப் பணியோ மாகாணத்தின் பொறுப்பு. குதிரை எந்தக் கோப்பில் நொண்டுவது என்பதைக் கோப்புகளே தீர்மானிக்கட்டும் என்று இரண்டு பக்கமும் இருந்துவிடலாகாது. கட்டாக்காலிக் குதிரையைப் பிடித்து நிறுத்தி நரம்பைத் தேடி ஊசி போடுவது எளிதன்று; முதலில் தணிப்பு மருந்து கொடுத்து அடக்கவேண்டும். அந்தத் தணிப்பு மருந்தின் அளவிலேயே குதிரைக்கும் மாட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சைலசின் என்னும் மருந்து மாட்டுக்குக் குதிரையின் அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். மாட்டு வைத்தியத்தை மட்டும் அறிந்தவர் குதிரையிடம் தடுமாறுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் பேராதனை ஒன்றுதான். அங்கிருந்து வடக்குக்கு வரும் இளம் வைத்தியர்களில் ஒருவருக்கேனும் குதிரைப் பயிற்சி கொடுத்துத் தீவுப் பகுதியைப் பொறுப்புக் கொடுப்பது செய்யக்கூடாத காரியமா?

என் கோரிக்கைகள் நான்கு. எல்லாம் சின்னவை.

ஒன்று, எந்தச் சவாரியும் கால்நடை வைத்தியர் திடலில் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஓடமுன் ஒவ்வொரு சோடியையும் அவர் நடக்கவிட்டுப் பார்க்கட்டும். நொண்டினால் விலக்கட்டும். அவர் சொல்லே முடிவாகட்டும், மாட்டுக்காரன் எந்தத் தலைவருக்கு உறவென்றாலும்.

இரண்டு, ஆணித்தடியோடு கண்ட சாரதியின் வெற்றி செல்லாது என்று சவாரிச் சங்கங்களே தீர்மானம் போடட்டும். பொலிசும் நீதிமன்றமும் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. போட்டியில் எவர் வென்றார் என்பதைத் தீர்மானிக்கத் தெரிந்த சங்கத்துக்கு இதையும் தீர்மானிக்கத் தெரியும்.

மூன்று, பரிசுப் பணத்தில் ஒரு பங்கு அப்பகுதிக் கால்நடை வைத்திய நிலையத்துக்குப் போகட்டும். குளம்பு இடுக்கி, இறுக்குப்பட்டி, விறைப்பு மருந்து, வலிநீக்கி. ஒரு மோட்டார் சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டால் இவை அற்பம்.

நான்கு, நெடுந்தீவுக் குதிரைகளுக்கு வறட்சிக்கு முன்னரே தண்ணீரும், ஆண்டில் ஒரு முறையேனும் வைத்தியரின் பார்வையும் கிடைக்கட்டும். மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையே ஒரு கடிதம் போதும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து ஊர்ச் சவாரிக்குப் பணம் அனுப்பும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் வாழும் நாட்டில் உங்கள் வீட்டு நாயை இப்படி ஒரு தடியால் குத்தினால் அயலவர் தொலைபேசியை எடுப்பார். பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உங்களைச் சிறைக்கும் அனுப்பும். அங்கே நீங்கள் கைகட்டி ஒழுகும் ஒழுங்கை இங்கே ஏன் பணங்கொடுத்து உடைக்கிறீர்கள்? அடுத்த முறை ஏற்பாட்டாளர் கேட்கும்போது, "வைத்தியர் நிற்பாரா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "நிற்பார்" என்றால் அனுப்புங்கள். "மனிசருக்கே மருந்தில்லை" என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை மந்திகை வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுங்கள். கேள்வி கேட்டவரின் கவலையும் அதோடு தீர்ந்துவிடும்.